தாமிர எஸ்எக்ஸ்–ஈடபிள்யூ ஆலை: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

தாமிரத் தாதுவை நீர்த்த கந்தக அமிலத்தில் கரைப்பது, அந்தக் கரைசலிலிருந்து தாமிரத்தை மட்டும், மண்ணெண்ணெயில் பிரித்தெடுக்கும் பொருள் கலந்த ஆர்கானிக் திரவத்தால் பிடித்தெடுப்பது (எஸ்எக்ஸ்), கடைசியில் மின்சாரம் பாய்ச்சித் தகடாகப் படியவைப்பது (ஈடபிள்யூ). இந்த மூன்றும் சேர்ந்து ஓடும் ஆலையில் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1968-ல் அரிசோனாவின் புளூபேர்ட் சுரங்கத்தில் வணிக அளவில் முதன்முதலாக ஓடத் தொடங்கிய முறை இது. கருவிகள் மாறியிருக்கின்றன, அடிப்படை அப்படியேதான் இருக்கிறது.

இந்த ஆலையில் மூன்று திரவங்கள் மூன்று வட்டமாகச் சுற்றுகின்றன. தாமிரம் இழந்த ராஃபினேட் மறுபடி தாதுக் குவியலுக்குப் போகிறது. ஆர்கானிக், தாமிரத்தைப் பிடிக்கும் பிரித்தெடுப்புக்கும் அதை அமில மின்பகுளியில் இறக்கிவிடும் ஸ்டிரிப்புக்கும் இடையே சுற்றுகிறது. மின்பகுளி, ஸ்டிரிப்புக்கும் மின்படிவு செல்களுக்கும் இடையே சுற்றுகிறது. தவறு ஒரு வட்டத்தில் நடக்கும், அறிகுறி அடுத்த வட்டத்தில் தெரியும். மின்படிவு செல்கள் இருக்கும் டேங்க் ஹவுஸில் கண்ணுக்குத் தெரிகிற கோளாறுகளில் பாதிக்கு மேல் அங்கே பிறந்தவை அல்ல. அதனால் கீழே சொல்லும் ஒவ்வொரு அறிகுறிக்கும் ஓட்டத்தின் எதிர்த்திசையில் நடந்துபோய்க் காரணத்தைத் தேடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு வால்வைத் திருப்பாதீர்கள். எது சரிசெய்தது என்று தெரியாமல் போய்விடும், அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

எதையும் தொடுவதற்கு முன்

சராசரி நாளின் எண்கள் கையில் இருக்க வேண்டும். தாதுக் குவியலிலிருந்து வரும் தாமிரம் கரைந்த கரைசலான பிஎல்எஸ் பெரும்பாலும் லிட்டருக்கு 1 முதல் 6 கிராம் தாமிரம், பிஹெச் 1.5 முதல் 2 வரை. செல்லுக்குப் போகும் மின்பகுளி 45 கிராம் தாமிரம், 165 கிராம் அமிலம். செல்லிலிருந்து திரும்புவது 35 கிராம் தாமிரம், 180 கிராம் அமிலம். இவை பொதுவான அளவுகள். உங்கள் ஆலையின் வழக்கமான எண் எது என்பதைச் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள்.

அப்புறம் இரண்டு சோதனைகள். இரண்டு திரவங்களையும் கலக்கும் ஒவ்வொரு மிக்சரிலும் எந்தத் திரவம் தொடர்ச்சியாக இருக்கிறது, எது துளியாகச் சிதறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மல்டிமீட்டர் முனைகளை மிக்சரில் விட்டால் போதும். மின்சாரம் நன்றாகக் கடந்தால் நீர்த் தொடர்ச்சி, கடக்காவிட்டால் ஆர்கானிக் தொடர்ச்சி. மீட்டர் இல்லையென்றால், கலவையிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு கப் ஆர்கானிக்கில் விடுங்கள். அது சட்டென்று கலந்து பரவினால் ஆர்கானிக் தொடர்ச்சி. பரவாமல் தனித்தனி உருண்டையாக இறங்கினால் நீர்த் தொடர்ச்சி.

அடுத்தது, பிரிய எடுக்கும் நேரம். ஒரு பீக்கரில் கலக்கி நிறுத்தி, இரண்டு அடுக்கும் தெளிவாகப் பிரிய எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். வழக்கமாக 60 நொடியில் பிரிவது 150 நொடி எடுத்தால் ஆர்கானிக்கில் ஏதோ சேர்ந்திருக்கிறது. ஆய்வகச் சோதனை முடிவு வர மணிக்கணக்காகும், இது இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடும். தினமும் ஒரே வெப்பநிலையில் செய்தால்தான் ஒப்பிட முடியும், ஏனென்றால் திரவம் குளிர்ந்தாலே பிரிவது மெதுவாகும்.

தகட்டில் கரும்பழுப்புத் திட்டு, தொட்டால் மாவாக உதிர்கிறது

இதைத்தான் முதலில் வைக்கிறேன். ஆலைக்கு அதிக இழப்பைத் தருவதும், அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். கேத்தோடு தகட்டின் மேல்பகுதியில், திரவ மட்டத்துக்குச் சற்றுக் கீழே, சாக்லேட் நிறத்தில் மென்மையான படிவு. மோந்து பார்த்தால் மண்ணெண்ணெய் வாடை. ஆர்கானிக் எரிச்சல் என்று சொல்வார்கள். ஸ்டிரிப் செட்லரிலிருந்து (கலந்த திரவங்கள் அடுக்காகப் பிரியும் தொட்டி) மின்பகுளியோடு சேர்ந்து வந்த ஆர்கானிக் துளிகள் செல்லில் மிதந்து, தகட்டில் ஒட்டி, அந்த இடத்தில் தாமிரம் ஒழுங்காகப் படியவிடாமல் செய்துவிடுகின்றன. துளி மிதப்பதால்தான் மேல்பகுதியில் முதலில் தெரிகிறது.

நான் புதிதாக வேலைக்கு வந்தபோது இதைப் பார்த்து, படிவு சொரசொரப்பாக இருக்கிறது என்று நினைத்து குவார் பசை அளவைக் கூட்டினேன். குவார் பசை படிவைச் சமப்படுத்தும் பொருள்தானே என்ற எண்ணம். இரண்டு நாள் போனது, திட்டு அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் மூத்த ஆபரேட்டர் ஒருவர் மின்பகுளித் தொட்டியின் மேல் ஒரு வெள்ளைத் துணியை விட்டு எடுத்துக் காட்டினார், எண்ணெய் பளபளத்தது. அன்றிலிருந்து அந்தத் துணிச் சோதனையை நான் விடவே இல்லை.

செய்ய வேண்டியது: முதலில் வடிகட்டியைப் பாருங்கள். ஆந்த்ரசைட்டும் கார்னெட்டும் நிரப்பிய மின்பகுளி வடிகட்டியின் அழுத்த வித்தியாசம் ஏறியிருந்தால் பின்னோட்டம் கொடுத்துக் கழுவுங்கள். அடுத்து, தாமிரம் நிறைந்த மின்பகுளி வெளியேறும் முதல் ஸ்டிரிப் மிக்சரின் தொடர்ச்சியைப் பாருங்கள். அது ஆர்கானிக் தொடர்ச்சியில் ஓட வேண்டும், அப்போதுதான் வெளியேறும் நீரில் ஆர்கானிக் துளி குறைவாக இருக்கும். நீர்த் தொடர்ச்சிக்கு மாறியிருந்தால், நீர் ஊட்டத்தைச் சில நிமிடம் குறைத்து ஆர்கானிக்கைக் கூட்டி மறுபடி திருப்பிவிடுங்கள். மூன்றாவதாக, செட்லரில் ஓட்டம் வடிவமைப்பு அளவைத் தாண்டியிருக்கிறதா, மிக்சர் வேகம் அதிகமாகித் துளி மிக நுண்ணியதாகிவிட்டதா என்று பாருங்கள்.

ஏற்கெனவே திட்டு விழுந்த தகடுகளைக் காப்பாற்ற முயலாதீர்கள், எடுத்துத் தனியாக வையுங்கள். செல்லின் மேல் மிதப்பதை வழித்தெடுக்காமல் புதிய தகட்டை இறக்கினால் அதுவும் அதே கதிதான்.

எந்த மிக்சர் எந்தத் தொடர்ச்சியில் ஓட வேண்டும் என்பதில் நிறையக் குழப்பம் இருக்கிறது. ஒரே விதிதான்: தொடர்ச்சியாக இருக்கும் திரவம்தான் சுத்தமாக வெளியேறும் என்று மேலோட்டமாகச் சிலர் மனப்பாடம் செய்கிறார்கள், அது தலைகீழ். சிதறிய துளிகள் ஒன்றுசேர்ந்து உருவாகும் அடுக்குதான் சுத்தமாக வரும். தொடர்ச்சியான அடுக்கில்தான் சேராமல் விடுபட்ட துளிகள் மிதக்கும். ஆகவே ராஃபினேட் வெளியேறும் கடைசிப் பிரித்தெடுப்புக் கட்டம் ஆர்கானிக் தொடர்ச்சி, விலை உயர்ந்த ஆர்கானிக் வீணாகக் கூடாது என்பதற்காக. தாமிரச் சுமை ஏறிய ஆர்கானிக் வெளியேறும் முதல் பிரித்தெடுப்புக் கட்டம் நீர்த் தொடர்ச்சி, இரும்பும் குளோரைடும் உள்ள நீர் ஸ்டிரிப்புக்குப் போகக் கூடாது என்பதற்காக.

மின்சாரம் அதே அளவு போகிறது, தாமிரம் குறைகிறது

முதலில் கணக்கைப் போடுங்கள். ஒரு ஆம்பியர்-மணிக்குக் கோட்பாட்டளவில் 1.186 கிராம் தாமிரம் படிய வேண்டும். ஒரு செல்லில் 30,000 ஆம்பியர் ஒரு நாள் முழுக்க ஓடினால் 7,20,000 ஆம்பியர்-மணி, அதாவது சுமார் 854 கிலோ. அறுவடையில் நாளுக்கு 780 கிலோ கிடைத்தால் மின்திறன் (பாய்ச்சிய மின்சாரத்தில் தாமிரமாகப் படிந்த பங்கு) 91 சதவீதம், நல்ல ஓட்டம். 700 கிலோதான் என்றால் 82 சதவீதம். ஒன்பது சதவீதம் எங்கேயோ போகிறது.

இழப்பு ஒரு சில செல்களில் மட்டும் இருந்தால் அது ஷார்ட். தகடு வளைந்து ஆனோடைத் தொடுகிறது, அல்லது முடிச்சு வளர்ந்து பாலம் போட்டிருக்கிறது. அகச்சிவப்புக் கேமராவில் அந்தத் தகட்டின் தொங்குகம்பி சூடாகத் தெரியும். காந்தப்புலத்தை அளக்கும் காஸ் மீட்டர் இருந்தால் இன்னும் வேகம். ஒரு ஷிஃப்டுக்கு ஒருமுறை நடந்து பார்ப்பவர்களின் கூடத்தில் மின்திறன் தானாகவே நன்றாக இருக்கும். இதற்கு மாற்று வழி எதையும் நான் கண்டதில்லை.

இழப்பு எல்லாச் செல்லிலும் சமமாக இருந்தால் இரும்பு. மின்பகுளியில் கரைந்த ஃபெரிக் இரும்பு கேத்தோடில் மின்சாரத்தை வாங்கி ஃபெரஸ் ஆகிறது, அது ஆனோடுக்குப் போய் மறுபடி ஃபெரிக் ஆகிறது. தாமிரம் படியாமலே மின்சாரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. லிட்டருக்கு ஒரு கிராம் இரும்பு கூடினால் மின்திறனில் சுமார் இரண்டு மூன்று சதவீதம் போய்விடும்.

இரும்பு எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. இதில் எனக்குப் பிடித்த ஒரு சோதனை உண்டு: இரும்போடு சேர்த்து மாங்கனீசையும் குளோரைடையும் அளந்து பாருங்கள். இவை இரண்டும் ஆர்கானிக்கோடு வேதியியலாகச் சேராது, நீர்த்துளியாக மட்டுமே கடந்து வரும். இரும்பும் மாங்கனீசும் சேர்ந்தே ஏறியிருந்தால், சுமை ஏறிய ஆர்கானிக் பிஎல்எஸ் துளிகளைத் தூக்கிக்கொண்டு வருகிறது. முதல் பிரித்தெடுப்புக் கட்டத்தின் தொடர்ச்சியையும், கழுவும் கட்டத்தையும், சுமை ஏறிய ஆர்கானிக் தொட்டியின் அடியில் தேங்கிய நீரையும் பாருங்கள். அந்த அடிநீரை யாரும் வடிக்காமல் வாரக்கணக்கில் விட்டிருப்பார்கள்.

இரும்பு மட்டும் ஏறியிருந்தால் அது வேதியியல். ஆர்கானிக்கில் தாமிரம் போதுமான அளவு ஏறாமல் காலி இடம் இருக்கும்போது அந்த இடத்தில் இரும்பு உட்கார்ந்துகொள்கிறது. ஆர்கானிக் ஓட்டத்தைக் கொஞ்சம் குறைத்துத் தாமிரச் சுமையை ஏற்றினால் இரும்பு தானாக வெளியே தள்ளப்படும். முழுக் கொள்ளளவில் 80 முதல் 90 சதவீதம் வரை ஏற்றி ஓட்டுவது நல்ல இலக்கு.

ஏற்கெனவே சேர்ந்த இரும்பைக் குறைக்க மின்பகுளியில் ஒரு பகுதியை வெளியேற்ற வேண்டும். ஆனால் முழுவதும் துடைத்துவிடாதீர்கள். அடுத்த அறிகுறி ஏன் என்று சொல்லும்.

மின்பகுளியின் நீலத்தில் ஊதா கலந்திருக்கிறது

இது அவசரம். மற்றவற்றை விட்டுவிட்டு இதைக் கவனியுங்கள். மின்பகுளியில் மாங்கனீசு இருந்து, அதைக் கட்டுப்படுத்த இரும்பு போதாதபோது, ஆனோடில் மாங்கனீசு பர்மாங்கனேட் வரை ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அந்தக் கரைசல் ஸ்டிரிப்புக்குத் திரும்பிப் போனால் ஆர்கானிக்கையே தின்றுவிடும். ஆர்கானிக்கில் உள்ள பிரித்தெடுக்கும் பொருளான ஆக்சிம் சிதையும், சிதைவுப் பொருள்கள் அடுக்குகள் பிரிவதைத் தடுக்கும், அப்புறம் பிரித்தெடுப்பு வட்டம் முழுவதும் நோயாளியாகிவிடும்.

முடிந்தால் செல்லிலிருந்து ஸ்டிரிப்புக்குத் திரும்பும் ஓட்டத்தை நிறுத்துங்கள். ஃபெரஸ் சல்ஃபேட் கரைசலைச் சேருங்கள், ஃபெரஸ் இரும்பு பர்மாங்கனேட்டைத் திரும்ப நிறமற்ற மாங்கனீசாக இறக்கிவிடும். ஆக்சிஜனேற்ற நிலையைக் காட்டும் ரெடாக்ஸ் மீட்டர் வழக்கமான அளவுக்கு இறங்கிய பிறகே ஓட்டத்தைத் திறங்கள். நிரந்தர ஏற்பாடாக, மின்பகுளியில் இரும்பு மாங்கனீசைப்போல் சுமார் பத்து மடங்காவது இருக்கட்டும். மின்திறனுக்காக இரும்பை ஒட்ட ஒட்டக் குறைத்த ஆலைகளில்தான் இந்த ஊதா நிறம் வரும்.

ராஃபினேட்டில் தாமிரம் மிஞ்சுகிறது

ஒரு எடுத்துக்காட்டு. பிஎல்எஸ்ஸில் 3 கிராம் தாமிரம், பிஎல்எஸ், ஆர்கானிக் இரண்டின் ஓட்டமும் சமம், பிரித்தெடுக்கும் பொருள் 10 சதவீதம். ஒவ்வொரு சதவீதமும் லிட்டருக்குச் சுமார் அரை கிராம் தாமிரம் தாங்கும், ஆக முழுக் கொள்ளளவு ஐந்து கிராமைச் சற்றுத் தாண்டும். சுமை இறங்கிய ஆர்கானிக்கில் 1.8 கிராம் மிச்சம், சுமை ஏறியதில் 4.5 என்றால் நிகரம் 2.7. ராஃபினேட்டில் 0.3தான் தப்பிக்கும். இப்போது சுமை இறங்கிய ஆர்கானிக்கிலேயே 2.5 இருந்தால் நிகரம் 2 ஆகிறது, ராஃபினேட்டில் 1 கிராம் ஓடிவிடுகிறது.

பார்த்தீர்களா, பிரித்தெடுப்பில் ஒன்றும் தவறில்லை, ஸ்டிரிப்தான் வேலை செய்யவில்லை. எனவே முதலில் சுமை இறங்கிய ஆர்கானிக்கின் தாமிரத்தை அளந்துவிடுங்கள். அது கூடியிருந்தால் திரும்பி வரும் மின்பகுளியின் அமிலம் குறைந்திருக்கும், அல்லது ஸ்டிரிப் மிக்சரின் சுழலி தேய்ந்திருக்கும்.

அது சரியாக இருந்தால் பிஎல்எஸ்ஸின் பிஹெச் பாருங்கள். ஒவ்வொரு கிலோ தாமிரம் ஆர்கானிக்கில் ஏறும்போதும் 1.54 கிலோ கந்தக அமிலம் நீரில் விடுபடுகிறது. கரைசல் ஏற்கெனவே அமிலம் மிகுந்து வந்தால் எதிர்வினை பாதியில் நின்றுவிடும். தாதுக் குவியலில் அமிலத்தைக் கூட்டியவர்கள் எஸ்எக்ஸ் ஆட்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். கடைசியாகப் பிரித்தெடுக்கும் பொருளின் செறிவு. மண்ணெண்ணெய் ஆவியாகும், ஆர்கானிக் துளியாக வெளியேறும், யாராவது மண்ணெண்ணெய் மட்டும் ஊற்றி மட்டத்தை நிரப்பியிருப்பார்கள். அதிகபட்சச் சுமைச் சோதனை ஒன்று போதும், தெரிந்துவிடும்.

பிஎல்எஸ்ஸில் நைட்ரேட் இருந்தால் ஆக்சிம் மெல்ல மெல்லச் சிதையும். தாதுவோடு வெடிமருந்து மிச்சம் வரும் இடங்களில் இதை மாதத்துக்கு ஒருமுறையாவது அளக்க வேண்டும்.

செட்லரின் நடுவே பழுப்புக் கஞ்சி தடிக்கிறது

கிரட். நுண்ணிய களிமண், கூழ்மச் சிலிக்கா, தூசி, பூஞ்சை எல்லாம் ஆர்கானிக்கையும் நீரையும் கட்டிப்போட்டு உருவாக்கும் கலங்கல். கொஞ்சம் இருப்பது இயல்பு, வளர்வதுதான் ஆபத்து. இடைமட்டம் திடீரென்று ஏறினாலோ இறங்கினாலோ மொத்தக் கிரட்டும் ஒரேயடியாக வழிவிளிம்பைத் தாண்டி அடுத்த கட்டத்துக்கு ஓடிவிடும். அதனால் கிரட் தடித்திருக்கும் நாளில் ஓட்டத்தை வேகமாக மாற்றவே கூடாது. இடைமட்டத்திலிருந்து பம்ப் வைத்து உறிஞ்சி, மையவிலக்கியில் பிரித்து, கிடைத்த ஆர்கானிக்கைச் செயலூட்டிய களிமண்ணோடு கலக்கி ஃபில்டர் பிரஸ்ஸில் வடித்துத் திருப்பி விடுங்கள். இந்தக் களிமண் சிகிச்சை சிதைவுப் பொருள்களையும் எடுத்துவிடும், பிரியும் நேரமும் கண்ணெதிரே குறையும்.

மூலத்தை அடைக்காமல் இதை மட்டும் செய்துகொண்டே இருப்பது வீண் உழைப்பு. பிஎல்எஸ் குளம் கலங்கலாக வருகிறதா, மிக்சர் காற்றை உள்ளே இழுக்கிறதா, செட்லர் மூடிகள் திறந்து கிடக்கின்றனவா என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: ஆர்கானிக்கைக் குழாயிலிருந்து உயரத்தில் விட்டுத் தெறிக்கவிடாதீர்கள், நிலத்தொடர்பு இல்லாத பிளாஸ்டிக் குழாயில் வேகமாக ஓட்டாதீர்கள். நிலைமின்னூட்டம் சேரும். தென் ஆஸ்திரேலியாவின் ஒலிம்பிக் டாமில் 1999-லும் 2001-லும் எஸ்எக்ஸ் பகுதி எரிந்தது இந்தத் துறையில் யாரும் மறக்கக் கூடாத நிகழ்வு.

தகட்டில் முடிச்சுகள், அல்லது தகடு உரிய மறுக்கிறது

முடிச்சு விளிம்பில் மட்டும் என்றால் ஓரப்பட்டையையும் தகடு நேராகத் தொங்குகிறதா என்பதையும் பாருங்கள். பரவலாக என்றால் குவார் பசை ஊட்டம் அடைத்திருக்கிறதா, மின்பகுளியில் துகள் மிதக்கிறதா என்று பாருங்கள். குளோரைடு லிட்டருக்கு 20 மில்லிகிராம் அளவில் இருப்பது படிவைச் சீராக்கும். 30-ஐத் தாண்டிப் போனால் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் குழி விழும். அந்தக் குழியில் தாமிரம் வேர்விட்டுப் பிடித்துக்கொள்ளும், உரிக்க முடியாது. அப்படிப்பட்ட தகட்டைச் சுத்தியலால் அடித்து உரிப்பது தகட்டை இன்னும் கெடுக்கும். மெருகேற்றிய பிறகே திருப்பி இறக்குங்கள்.

படிவு முழுவதும் கறுத்துப் பொடியாக வந்தால் அது வேறு: செல்லில் தாமிரம் தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் அந்தச் செல்லுக்கு ஊட்டக் குழாய் அடைத்திருக்கும். கரைசலில் ஆர்சனிக் உள்ள ஆலைகளில் இப்படித் தாமிரம் தீர்ந்த செல்லிலிருந்து ஆர்சைன் வாயு கிளம்பலாம், அது உயிர்கொல்லி. அருகில் குனிந்து பார்ப்பதற்கு முன் மின்சாரத்தைக் குறையுங்கள், வாயு மீட்டர் இல்லாமல் நெருங்காதீர்கள்.

தாமிரத்தில் ஈயம் ஏறிவிட்டது

முதல் தரக் கேத்தோடில் ஈயம் பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஏறியிருந்தால் முதல் கேள்வி: கடந்த வாரம் மின்தடை இருந்ததா? ஈய ஆனோடின் மேல் உள்ள ஈய டைஆக்சைடு படலம் மின்சாரம் இருக்கும்வரைதான் உறுதியாக நிற்கும். மின்சாரம் நின்றால் படலம் உருமாறி, திரும்ப வரும்போது செதிலாக உதிர்ந்து தகட்டில் ஒட்டிக்கொள்ளும். தடை வந்தாலும் சிறு அளவு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கத் துணை ரெக்டிஃபையர் வைப்பது இதற்காகத்தான்.

மின்தடை இல்லை என்றால் கோபால்ட் பாருங்கள். லிட்டருக்கு 100 முதல் 200 மில்லிகிராம் இருந்தால் ஆனோடு அரிப்பு அடங்கியிருக்கும். மின்பகுளியை வெளியேற்றும்போது கோபால்ட்டும் சேர்ந்து போகிறது என்பதை மறந்துவிட்டு ஊட்டத்தைப் பழைய அளவிலேயே வைத்திருப்பார்கள். அதுவும் சரி என்றால் செல்லின் அடியில் சகதி தேங்கியிருக்கும்.

வெளியேற்றிய மின்பகுளியிலிருந்து எடுத்த மயில்துத்தம் பச்சையாக இருக்கிறது, மூட்டையில் கட்டிப்போகிறது

இரும்பைக் கட்டுப்படுத்த வெளியேற்றும் மின்பகுளியைத் தாமிர சல்ஃபேட் (மயில்துத்தம்) படிகமாக்கி விற்பது நல்ல வழி. சுத்தமான படிகத்தில் 25.4 சதவீதம் தாமிரம், நிறம் தெளிந்த நீலம். பச்சை தட்டினால் ஃபெரஸ் இரும்பு கூடவே படிகமாகியிருக்கிறது. இரண்டும் ஒரே படிகத்துக்குள் கலந்து உட்காரக்கூடியவை, அதனால் மறுபடி கழுவினாலும் போகாது.

படிகமாக்கும் முன்பே ஃபெரஸை ஹைட்ரஜன் பெராக்சைடால் ஃபெரிக்காக மாற்றி, தாமிர ஆக்சைடு சேர்த்து அமிலத்தைத் தணித்து, பிஹெச் 3-ஐத் தாண்டியதும் வீழ்படியும் இரும்பை வடிகட்டுங்கள். சோடா போட்டுத் தணித்தால் சோடியம் வந்து சேரும், தாமிர ஆக்சைடு எதையும் புதிதாகக் கொண்டுவராது. ஆனால் பெராக்சைடு ஊற்றுவதற்கு முன் கரைசலைக் கரிப் படுகையில் விட்டு ஆர்கானிக் மிச்சத்தை எடுத்தாக வேண்டும், இதைத் தவிர்க்கவே கூடாது.

படிகம் மணல்போல நுணுக்கமாக வந்தால் மிக வேகமாகக் குளிரவைத்திருக்கிறீர்கள். மெதுவாகக் குளிரவிட்டு, தொடக்கத்தில் கொஞ்சம் விதைப் படிகம் போடுங்கள். மூட்டையில் கட்டிப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் படிகத்தின் மேல் ஒட்டிய அமிலத் தாய்க்கரைசல். மையவிலக்கியில் சுழலும்போதே கொஞ்சம் குளிர்ந்த நீர் தெளித்துக் கழுவுங்கள். உலர்த்தும்போது வெப்பத்தைக் கூட்டி நேரத்தை மிச்சப்படுத்த நினைத்தால் படிக நீர் வெளியேறி மேலே வெண்மை படரும். அந்த மூட்டை காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து மறுபடி கட்டியாகிவிடும்.